இத்தா நிறத்தில் ஒரு திரை

கல்முனையில் போட்டோகொப்பிக் கடைக்கு மேலே நடந்த கணினி வகுப்பில் பெண்களுக்குப் படிப்பித்தது நான். எங்கள் பகுதியில் பெண்களுக்கென்று காலையில் அப்படியொரு வகுப்பு அதற்குமுன் நடந்ததில்லை. கடைக்காரரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வகுப்பை மூடப் பார்த்தார். கணினிக்குள் இருந்ததெல்லாம் இரண்டு தடவை அழிந்துபோனதுதான் காரணம். பாடம் தொடங்குமுன் பிள்ளைகள் தங்கள் டிஸ்கட்டில் உள்ள பழையதைக் கட்டளை தட்டித் துடைக்க வேண்டும். டிஸ்கட்டுக்குப் பெயர் 'ஏ', கணினியின் சொந்த வயிற்றுக்கு 'சி'. 'ஏ' பக்கம் போகாமல் 'சி'யிலேயே நின்று துடைத்தால் கணினியே காலி. கறுப்புத் திரையில் இரண்டும் ஒரே சாம்பல் எழுத்து. யாருக்குத் தெரியும்?

"இன்னொருக்கா அழிஞ்சா பொம்புளைகள்ற வகுப்பு இல்ல, தங்கச்சி" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நிற்கும் இடத்துக்கு ஏற்பத் திரையின் நிறம் மாறும்படி கட்டளை எழுதினேன். 'சி'க்குச் சிவப்பு, 'ஏ'க்குப் பச்சை. காக்கா பதறிவிட்டார். தேர்தல் காலம் அது. பச்சை ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி, சிவப்பும் ஒரு கட்சி.

"கடைக்குக் கல்லெறி வாங்கித் தரப் போறீங்களா?"

'சி'க்கு மஞ்சள் போட்டேன். பிள்ளைகள் "நல்ல வடிவாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அதிலேயே துடைக்கப் போனார்கள். நல்லவேளை, கையைப் பிடித்துவிட்டேன்.

வடிவான நிறம் யாரையும் நிறுத்தாது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. 'ஏ'யைப் பழைய கறுப்பிலேயே விட்டு, 'சி'யில் நின்றால் திரை முழுக்க வெள்ளையாகும்படி மாற்றினேன். மறுநாள் முதலில் வந்தவள் கதிரையில் உட்காரவேயில்லை.

"இதென்னகா, இத்தா இருக்கிற ஊடு மாதிரி!"

புருஷன் மவுத்தானபின் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே துக்கம் காத்து இத்தா இருப்பவள் உடுக்கும் வெள்ளை அது. தொட ஒருத்திக்கும் மனம் வரவில்லை. எனக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

அந்தக் கிழமையே காக்கா வகுப்புக்குள் வந்தார். "எப்படித் துடைக்கிறதெண்டு நான் காட்டுறன், பாருங்க" என்று டிஸ்கட்டைப் போட்டார். திரையைப் பாராமல், எழுத்துகளைத் தேடித்தேடிக் கட்டளையைத் தட்டினார். 'நிச்சயமா?' என்று கணினி கேட்டது. ஆமென்று சொல்ல விரல் இறங்கியது.

"காக்கா! வெள்ளை! வெள்ளை!"

ஏழு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். காக்கா கையை இழுத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். 'சி'யில் நின்றுகொண்டிருந்தார்.

"வகுப்ப மூடுற கதைய உடுவம், தங்கச்சி."

"அத எழுதிக் கதவுல ஒட்டுங்க, காக்கா."

தன் கைப்பட எழுதி, அவரே ஒட்டினார்.