கடல் பக்கத்து அறை

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரில் இருந்த பெரிய ஹோட்டல்கள் அத்தனைக்குள்ளும் போய் வந்தவர்தான். ஆனால் ஒன்றிலாவது முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை. பின்கட்டுக் கதவு, இருட்டுக் குழி, கிரீஸ் வாடை, அவ்வளவுதான் அவர் கண்ட ஹோட்டல். யார் என்ன சொன்னாலும் முதலில் "எந்த மாடி?" என்று கேட்டுப் பழகிய வாய். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'எந்த மாடி' என்று ஆகிவிட்டது.

அவருடைய மனைவி சட்டைப் பொத்தான் கம்பெனியில் நிறம் பிரிக்கிற வேலையில் இருந்தாள். வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு, அது அவள் கண்ணுக்குத்தான் தெரியும் என்பார்கள். ஒரு நாள் அவள் பிரித்த பெட்டி முழுவதும் திரும்பி வந்தது. அடுத்த வாரமும் வந்தது. கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, மருந்து போட்டால் மெதுவாகும், நிற்காது என்று சொன்னார். எழுந்து வரும்போது, "பார்க்க வேண்டியதை எல்லாம் இப்பவே பார்த்துடுங்கம்மா" என்றார். அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் கடலைப் பார்த்ததில்லை.

"கண்ணாடியை மாத்தினா எல்லாம் சரியாப் போயிடும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் கணவர்.

கடற்கரை ஊர் ஒன்றுக்கு வழிகாட்டியோடு கூட்டிப் போகிற சுற்றுலாவில் இரண்டு பேருக்கும் இடம் போட்டார்கள். கிளம்புவதற்குச் சில வாரம் முன்னால் சுற்றுலாக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். மனைவிக்கும் கேட்கட்டும் என்று அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், ரெண்டு விஷயம் கேக்கணும். டூர் காலையிலேயே படகுல தொடங்குது. முந்தின நாளே வந்து தங்கிட்டா அலுப்பு தெரியாது, ஏற்பாடு பண்ணட்டுமா? இன்னொண்ணு, உங்களுக்குப் போட்டிருக்கிறது பின்பக்க ரூம். கடலைப் பார்த்த ரூம் இன்னும் கொஞ்சம் இருக்கு. மாத்திக்கிறீங்களா?"

சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனைவி கையை ஆட்டினாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எதுக்கும்மா முந்தின நாளே? கல்யாணத்துக்கா வர்றோம்? விடியக்காலை ரயில்ல வந்து இறங்கிடுவோம். ரூமும் சாதாவே போதும். தூங்கத்தானே போறோம்? கண்ணை மூடிட்டா எல்லா ரூமும் ஒண்ணுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மனைவியின் கை மெல்லக் கீழே இறங்கியது. எழுந்து போய், ஏற்கெனவே காய்ந்து மடித்து வைத்திருந்த துணியை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

அவர் கஞ்சனும் இல்லை, மனைவி மேல் ஆசை இல்லாதவரும் இல்லை. அந்த அறை வேண்டும், அந்த ஒரு நாள் வேண்டும் என்று கேட்டுவிட்டால் டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டிய மாதிரி ஆகிவிடும். மற்றவர்கள் எப்படிப் போகிறார்களோ அப்படியே போய்விட்டு வந்தால், அவளும் மற்றவர்களைப் போலத்தான் என்று ஆகும். அவர் மனக்கணக்கு அப்படி ஓடியது. அதை வாய்விட்டுச் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை.

ரயில் வழியில் எங்கோ நின்றது நின்றதுதான். அவர்கள் ஹோட்டலுக்கு வந்து சேரும்போது உச்சி வெயில்.

"உங்க குரூப் காலையிலேயே படகுல போயிட்டாங்களே சார்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "சாயங்காலம்தான் வருவாங்க."

அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவரும், அதை ஒட்டி இறங்குகிற குழாய்களும்தான். மனைவி ஜன்னலருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இது சுவருதானேங்க?"

"ஆமா."

"கடல் எந்தப் பக்கம்?"

அவருக்குத் திசை தெரியவில்லை. "நாளைக்குப் பார்த்துக்கலாம். கால் நீட்டிப் படு" என்றார்.

மறுநாள் வானம் மூடிக்கொண்டது. வழிகாட்டி சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட, கூட்டம் அவன் பின்னால் ஓடியது. மனைவி கணவரின் முழங்கையைப் பிடித்தபடி ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினாள். "அம்மா, கொஞ்சம் சீக்கிரம்" என்றான் வழிகாட்டி. அவன் கெட்டவன் இல்லை, அடுத்த இடத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற கவலை அவனுக்கு. கடற்கரையில் பஸ் நின்றது. வானமும் சாம்பல், தண்ணீரும் சாம்பல். எது வரைக்கும் கடல், எங்கே வானம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். அதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள்.

அன்று மாலை அவர் வரவேற்புக்குப் போய்க் கடல் பக்கத்து அறை கிடைக்குமா என்று கேட்டார். எல்லாம் முன்பே சொல்லி வைத்தவர்களுக்குப் போய்விட்டது என்றார்கள். அதே கூட்டத்தில் வந்திருந்த ஒரு டீச்சர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்குச் சாயங்காலம் நாங்க கடைக்குப் போறோம். எங்க ரூம் சாவியைத் தர்றேன். அம்மாவைக் கூட்டிட்டு வந்து நிதானமா உக்காந்து பாருங்க."

அவர் ஏறக்குறைய ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி தலையசைக்கவில்லை.

"அடுத்தவங்க கட்டில்ல உக்காந்து வேடிக்கை பார்க்கவா?"

"ஒரு மணி நேரந்தானே! கடலைப் பார்க்கணும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். போன்ல அந்தப் பொண்ணு கேட்டப்பவும் கையை ஆட்டிச் சொன்னேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு போகுதுன்னு நான் பயப்படலைங்க" என்றாள், குரல் உயராமல். "அழுது முடிச்சுட்டேன். நீங்கதான் பயந்தீங்க. உங்க பயத்துக்கு என் நாளைச் செலவு பண்ணிட்டீங்க."

சாவி வேண்டாம் என்று டீச்சரிடம் அவர்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. காரணம் கேட்டபோது, அவளுக்குத் தலைவலி என்றார்.

ஊர் திரும்பிய மறு வருஷமே பார்வை நன்றாக மங்கிவிட்டது. இப்போது பகல் இரவு மட்டும் தெரிகிறது. சமையல், துணி எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன. ஒருமுறை, முந்தின நாளே போய் இறங்கி நல்ல அறையாக எடுத்துத் தங்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "இனிமே எதுக்கு?" என்றாள். கோபம் இல்லை. கோபமாவது பட்டிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் சாயங்காலம் வந்து அவளோடு உட்கார்ந்துகொள்வாள். எதிர்வீட்டுக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள், யார் என்ன உடுத்திப் போகிறார்கள், மழை வருமா என்று மனைவி கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தப் பெண்ணும் அலுக்காமல் சொல்வாள். கணவர் உள்ளறையில் வெங்காயம் நறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். எதிர்வீட்டுப் பெயின்ட் அந்தப் பெண் சொல்கிற வெறும் பச்சை இல்லை, நீலம் கலந்த பச்சை என்று அவருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை.