முகத்துவாரத்துக்குக் குருவி பார்க்கப் போனோம்

எங்கள் அம்மாவுக்கும் பறவைகளுக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துவந்ததில்லை. முற்றத்தில் கருவாடு காயப்போட்டால், ஒரு சிரட்டை நிறையக் கல்லும் பொறுக்கி வைத்துக்கொண்டு காகத்துக்குக் காவல் இருக்கிற ஆள் அவர். அப்படிப்பட்ட அம்மா, ஒரு பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "ஞாயிறு விடிய எல்லாரும் மூதூர்ப் பக்கம் குருவி பாக்கப் போறம்" என்றார். நான் பிசைந்த சோற்றை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பாலையூற்றில் இருந்தோம். சண்டை முடிந்து சில வருஷங்கள்தான். புதுப் பாலங்கள் வந்து, கிண்ணியா வழியாக மூதூருக்கு ஓட்டோவிலேயே போய்வரலாம் என்பது பெரியவர்களுக்கு இன்னும் புதினமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தத் தவணைதான் ரீச்சர், குளிர் நாட்டுக் குருவிகள் மாரிக்கு எங்கள் கரைக்கு வந்து, வெயில் ஏறத் தொடங்கத் திரும்பிப் போகும் என்று படிப்பித்திருந்தார். பின்வாங்கில் ஒருத்தி "பாஸ்போட் இல்லாமலோ ரீச்சர்?" என்று கேட்டு அடியும் வாங்கினாள். ஆகவே எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. திரும்பிப் போக முதல் அதுகளை ஒருக்கால் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு நாளும் அதே நினைப்பு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கும் என்னைப் போலத் தலை சுற்றும். அது பெண்பார்க்கிற பயணம். அம்மாவின் தங்கச்சிக்கு, அதாவது என் சித்திக்கு, மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இதைக் கோயிலில் வைத்துச் செய்வதுதான் வழக்கம். இரண்டு பகுதியும் தற்செயலாக வந்து, தற்செயலாகக் கண்டு, தற்செயலாக நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போவார்கள். சரிவந்தால் சரி. சரிவராவிட்டால் ஒருத்தரும் ஒருத்தரையும் கண்டதில்லை. ஆனால் சித்திக்கு அப்படிப் பார்த்தவை எல்லாம் குழம்பிப்போய், பின்னேரத்துக்குள் தெருவுக்கே தெரிந்து, "என்னவாம், பிடிக்கேல்லையாமோ?" என்று கடையில் மல்லி வாங்கப் போன இடத்திலும் கேட்டார்கள். அதனால் இந்த முறை ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாய் நின்றார். மாப்பிள்ளை உப்புவெளிக்காரர், கச்சேரியில் அரசாங்க வேலை. ஞாயிறு தோறும் மூதூருக்குக் கிட்டக் கங்கை கடலில் விழுகிற முகத்துவாரத்தில் போய் நின்று குருவி பார்க்கிற ஒரு விசர் அவருக்கு இருக்கிறதாகக் கலியாணப் புறோக்கர் சொன்னார். அம்மாவுக்கு அது பிள்ளையாரே இடம் காட்டினது மாதிரி.

இன்னுமொன்று. சித்தியின் இடக்கண் பார்க்காது. ஷெல் அடித்த காலத்தில் போனது. அதற்கு மேலே எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கதை இல்லை. வெளியாட்கள் பார்த்தால் தெரியவும் மாட்டாது. எனக்கோ அது நான் பிறந்ததில் இருந்து இருக்கிற விஷயம். சித்தியோடு றோட்டில் போனால் நான் இடப்பக்கம், சைக்கிள் வந்தால் அவர் கையை அமத்த வேண்டும், அவ்வளவுதான். முன்னைய பேச்சுகள் எல்லாம் அந்தக் கண்ணால்தான் குழம்பின என்பதும், இந்த முறை அதை மறைத்துத்தான் பேசியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. "முதல் பிடிக்கட்டும், பிறகு சொல்லுவம்" என்பது மாமாவின் திட்டம். மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர். சொல்லாமல் போய் நிற்க ஏலாது என்று சித்தி மறுத்திருக்கிறார். "நீ வாயைத் திறவாமல் வந்தால் போதும். மிச்சத்தை நான் கதைக்கிறன்" என்று மாமா அடக்கிவிட்டார்.

ஞாயிறு விடிய எழும்பிப் பார்த்தால் வீடு முழுக்கப் பயற்றம் பணியார வாசம். சித்தி மயில்நீலச் சீலை உடுத்து, தலைக்குப் பூ வைத்திருந்தார். மாமா கலியாண வீட்டுக்குப் போடுகிற லோங்ஸ் போட்டு, முகத்துக்குப் பவுடரும் பூசியிருந்தார். சேற்றுக்குள் குருவி பார்க்கப் போவதற்கு இது என்ன கோலம் என்று எனக்கு விளங்கவில்லை. போதாக்குறைக்கு, மாமாவின் ஓட்டோவில் ஏறியதில் இருந்து அம்மா என் காதுக்குள், "ஆரும் கேட்டால் குருவி பாக்க வந்தனாங்கள் எண்டு சொல்லு, என்ன?" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கிண்ணியாப் பாலத்தில் ஒருக்கால், மூதூர்ச் சந்தியில் ஒருக்கால். பொய் சொல்வதற்கென்றால்தான் பெரியவர்கள் பிள்ளைகளைப் பாடமாக்க வைப்பார்கள். உண்மையைச் சொல்வதற்கு ஏன் இத்தனை ஒத்திகை என்று நான் யோசித்து யோசித்துக் களைத்துப்போனேன்.

முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றிச் சேறு மினுங்கிக்கொண்டு கிடந்தது. சேறு முழுக்கக் குருவி. தையல் மெசின் ஊசி இறங்கி ஏறுவது மாதிரி மூக்கைக் குத்திக் குத்தித் தின்றன. தலையை நிமிர்த்த நேரமில்லாத தீன். ஆலாக்கள் கூட்டமாக எழும்பித் திரும்பும்போது ஆகாயம் ஒருக்கால் வெள்ளையாகி ஒருக்கால் ஒன்றுமில்லாமல் போகும். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பக்கத்தில் பார்த்தால் சித்தியும் அப்படித்தான் நின்றார்.

கரையில் மெலிந்த ஒருத்தர் லோங்ஸை முழங்கால்வரை மடித்துவிட்டு, மூன்று கால் வைத்த ஒற்றைக்குழல் தூரக்கண்ணாடியோடு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு வான். அதிலிருந்து சங்கிலியும் குடையுமாக ஒரு அன்ரி இறங்கினார். அவர் மாப்பிள்ளையின் அக்கா.

"அட, நீங்களும் குருவி பாக்கவோ வந்தனீங்கள்?" என்றார் மாமா.

"ஓம், நாங்கள் எப்பவும் வாறனாங்கள்" என்றார் அன்ரி. செருப்புக் குதி சேற்றில் இறங்க, பிடுங்கமுடியாமல் வான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். நம்பினதால்தான் பிறகு எனக்கு எல்லாம் குழம்பியது. குருவி பார்க்க வந்த ஒருத்தரும் குருவியைப் பார்க்கவில்லை. அன்ரி சித்தியின் கொண்டையில் இருந்து பாதம்வரை பார்த்தார். அம்மா அந்த ஒற்றைக்குழல்காரரைப் பார்த்தார். மாமா அவர்களுடைய வானைச் சுற்றிவந்து ரயரைப் பார்த்தார். "மாமா, அங்க பாருங்கோ, அது என்ன குருவி?" என்று நான் கேட்டதற்குத் திரும்பாமலே, "கொக்கு" என்றார். சின்ன உள்ளான் குருவியைக் காட்டினேன். அதுவும் கொக்கு.

அன்ரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குருவிக் கதை கேட்கப்போகிறார் என்று ஓடிப்போனேன்.

"சித்தி என்ன செய்யிறவ பிள்ளை?"

"நேசறியில படிப்பிக்கிறவ."

"விடிய எத்தினை மணிக்கு எழும்புறவ?"

"நான் எழும்பேக்கை எழும்பி இருப்பா."

"கோவம் வருமோ?"

"மாமா கதைச்சால் வரும்."

அம்மா பணியாரத் தகரத்தைத் திறந்துகொண்டு இடையில் வந்துவிட்டார். எனக்கென்றால், சேறு நிறையக் குருவி நிற்க, இந்த அன்ரி ஏன் எங்கள் சித்தி எழும்புகிற நேரத்தை விசாரிக்கிறார் என்ற யோசனை.

ஒற்றைக்குழல்காரர் அதுவரைக்கும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு எங்களைவிடக் கூச்சம் போல. அவருடைய அக்கா, "தம்பி, வந்தவைக்கும் ஒருக்கால் காட்டன்" என்று அதட்டினதும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மாமா முதலில் போனார். ஒரு கண்ணை மூடினால் மற்றதும் சேர்ந்து மூடியது. முகத்தைப் பிழிந்து பிழிந்து பார்த்துவிட்டு, "அந்த மாதிரி" என்று மெச்சி விலகினார். ஒன்றும் தெரிந்திருக்காது. அம்மா உள்ளங்கையால் கண்ணைப் பொத்தினார். நான் விரலால் அமத்தியதில் கண்ணீர் வந்து, குருவி எல்லாம் தண்ணீருக்குள் நின்றது.

சித்தி குனிந்து, இரண்டு கண்ணையும் திறந்தபடியே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒண்டின்ர வயிறு செங்கல் நிறமா வருது. பக்கத்தில நிக்கிறது இன்னும் சாம்பல்" என்றார்.

ஒற்றைக்குழல்காரர் அப்போதுதான் நிமிர்ந்தார். "போறதுக்கு முதல் அப்பிடித்தான் நிறம் மாறும். அது வளைஞ்ச மூக்கு உள்ளான்" என்றவர், கொஞ்சம் நின்று, "மற்றக் கண்ணை மூடாமல் பாக்கிறீங்கள். எனக்கு அது பழகக் கன காலம் எடுத்தது" என்றார்.

சித்தி குழலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு அந்தக் கண் தெரியாது. அதால சுகம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். "எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம்" என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார். ஆனால் அம்மாவின் கையில் இருந்த தகர மூடி கீழே விழுந்து உருண்டது. மாமா கடலைப் பார்த்தார். அன்ரி குடையை மடக்கினார், திரும்ப விரித்தார். ஏன் எல்லோரும் ஒரேயடியாக இப்படி ஆனார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சித்தியின் கண் தெரியாது என்பது அம்மாவுக்கும் மாமாவுக்கும் தெரிந்த விஷயம்தானே. புதிதாகக் கேட்டவர் போல அம்மா ஏன் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்துகிறார்?

ஒற்றைக்குழல்காரர் மட்டும் ஒன்றும் நடக்காதவர் மாதிரிக் குழலைக் கொஞ்சம் திருப்பி, "இப்ப பாருங்கோ, அந்தக் கூட்டத்தில ஒண்டு முழுக்கச் சிவந்திட்டுது" என்றார். சித்தி பார்த்தார். "ஓம்" என்றார்.

"தம்பி, வெயில் ஏறுது" என்று அன்ரி வானுக்குள்ளிருந்து கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்தில் வெயில் உண்மையாகவே ஏறியிருந்தது.

போகிறபோது ஒற்றைக்குழல்காரர் என்னிடம் வந்து குனிந்து, "பிள்ளை, பங்குனி முடியிறதுக்கிடையில இன்னொருக்கா வாங்கோ. எல்லாம் நல்லாச் சிவந்திருக்கும். நான் ஞாயிறு ஞாயிறு இஞ்சதான் நிப்பன்" என்றார். பக்கத்தில் நிற்கிற எனக்கு ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று யோசித்தேன். காதும் கேட்காத பிள்ளை என்று நினைத்துவிட்டாரோ?

திரும்பி வருகிற வழியில் மாமா ஓட்டோவைக் குழியெல்லாம் தேடித் தேடி விட்டார். "வாயைத் திறவாதை எண்டு சொன்னனானெல்லே?"

"நீங்கள் கதைப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் அண்ணா. நீங்கள் ரயரைப் பாத்துக்கொண்டு நிண்டீங்கள்" என்றார் சித்தி. பிறகு மடியில் இருந்த தகரத்தை எடுத்து ஒரு பணியாரம் தின்றார். அம்மா அழுதார். எனக்கும் ஒன்று கிடைத்தது. குருவிகளை ஒழுங்காகப் பார்க்காமல் வந்ததற்காகத்தான் எல்லோருக்கும் கவலை என்று நினைத்து, "அடுத்த முறை வடிவாப் பாப்பம் அம்மா" என்றேன். அம்மா இன்னும் கூடுதலாக அழுதார்.

அடுத்த கிழமை புறோக்கர் வந்து, சாதகம் பொருந்தவில்லையாம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் போனார். ஒரு மாதத்துக்கு முன் இதே ஆள் இதே கதிரையில் இருந்து, இப்படிப் பொருத்தம் லேசில் அமையாது என்று சொன்னதை நான் கேட்டிருந்தேன். கிரகங்களும் குருவி மாதிரிப் பங்குனியில் இடம் மாறுகிறதாக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

என் கவலை வேறு. என்னை வரச்சொன்ன மனிதர் அங்கே ஞாயிறு ஞாயிறு காத்துக்கொண்டு நிற்கிறாரே. ஒரு பின்னேரம், சித்தி உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் என்னைக் கூப்பிட்ட கதையைச் சொன்னேன். சித்தி மடித்த சட்டையையே திரும்ப மடித்தார்.

"என்ன சொன்னவர்? சரியாச் சொல்லு."

சொன்னேன்.

"ஞாயிறு ஞாயிறு நிப்பன் எண்டவரோ, இல்லாட்டி வந்தால் நிப்பன் எண்டவரோ?"

"நிப்பன் எண்டவர். எனக்குத்தான் சொன்னவர்" என்றேன்.

"ஓம், உனக்குத்தான்" என்றார் சித்தி.

பங்குனி முடிய ஒரு ஞாயிறு இருக்கும்போது, சித்தி வெறும் பருத்திச் சீலை உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். "எங்க?" என்று அம்மா வாசலில் மறித்தார். "மூதூருக்கு. பஸ்ஸில. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போறன்." "என்னத்துக்கு?" "குருவி பாக்க" என்றார் சித்தி. அம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, வழியை விட்டார்.

போய்ச் சேர்ந்தால், சேறு வெறுமையாகக் கிடந்தது. இரண்டு கொக்கும் நாலைந்து காகமும்தான். அந்த மனிதர் நின்றார். அக்காவும் இல்லை, வானும் இல்லை. ஒரு மோட்டர்சைக்கிள்தான் நின்றது. எங்களைக் கண்டதும் விறுக்கென்று நடந்து வந்தவர், பாதி வழியில் மெதுவாக நடந்தார்.

"எங்க குருவியள்?" என்று நான்தான் முதலில் கேட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போயிட்டுதுகள் பிள்ளை. முந்தநாள் வரைக்கும் நிண்டதுகள்" என்றார், தானே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டவர் மாதிரி. பிறகு சித்தியைப் பார்த்து, "வரமாட்டீங்கள் எண்டு நினைச்சன்" என்றார்.

"சாதகம் பொருந்தேல்லை எண்டு சொன்னவை" என்றார் சித்தி.

"நான் சொல்லேல்லை" என்றார் அவர்.

பிறகு அவர் குழலை வெறும் சேற்றுக்கு நேரே வைத்து, உயரத்தைச் சித்திக்கு அளவாக இறக்கிக் கொடுத்தார். என்னை நண்டு பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். நண்டு பார்த்தேன், சிப்பி பொறுக்கினேன், காகத்துக்குக் கல் எறிந்தேன். எத்தனை தரம் திரும்பிப் பார்த்தாலும் சித்தி குனிந்து பார்ப்பார், பிறகு அவர் குனிந்து பார்ப்பார், பிறகு இரண்டு பேரும் நிமிர்ந்து நின்று கதைப்பார்கள். எனக்குத் தெரியாமல் ஏதோ ஒரு குருவி அங்கே மிச்சம் நிற்கிறது என்ற ஆத்திரத்தில் ஓடிப்போய்க் குழலை வாங்கிப் பார்த்தேன். கண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தேன். சேறுதான்.

"ஒண்டுமில்லைச் சித்தி. பஸ் போயிடும், வாங்கோ" என்றேன்.

"கொஞ்சம் பொறு" என்றார் சித்தி, "இன்னும் பாத்து முடியேல்லை."

பத்தரை மணி பஸ்ஸை விட்டோம். அதற்கடுத்த பஸ்ஸையும் விட்டோம். குருவியே இல்லாத இடத்தில் இரண்டு பெரிய மனிதர் இவ்வளவு நேரம் என்னத்தைப் பார்த்து முடிக்க வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.