மதினி அடைத்த வாய்க்கால்

எங்க மதினி கருப்பம்மாளுக்குத் தண்ணி வீணாப் போனா ஆகாது. தாயில்பட்டிக்குத் தெக்க எங்க அண்ணன் அழகுராஜாவுக்கு ஒண்ணரை ஏக்கர் கரிசல் இருந்தது. கண்மாய் பெருகுன வருசம் கொஞ்சம் பச்சையைப் பார்க்கலாம், மத்த வருசமெல்லாம் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். வாக்கப்பட்டு வந்த முதல் வருசமே மதினி மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு மடையில போய் உக்காந்துட்டாக. வரப்புல நண்டு வளை போட்டுத் தண்ணி கசிஞ்சா, அதை மண்ணு வச்சு மிதிச்சு அடைச்சிட்டுத்தான் அடுத்த வாய் கஞ்சி குடிப்பாக. பக்கத்து வயக்காரன் ஒருத்தன் ராத்திரியோட ராத்திரியா மடையைத் திருப்பிட்டான்னு அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு அவுக பேசுன பேச்சுல, அந்தாளு மூணு நாளு வெளிய தலைகாட்டலை.

நாலு வருசத்துக்கு முந்தி அண்ணன் பட்டாசு வெடி விபத்துல செத்துப் போச்சு. தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. என்ன நடந்ததுன்னு அப்புறம் சொல்றேன், இப்ப சொல்ல எனக்கு வாய் வரலை. மதினிக்கு ஒரே மக, முத்துச்செல்வி. விருதுநகர்ல ஹாஸ்டல்ல தங்கி காலேஜ் படிக்கிறா. அவ படிப்பு முடியிற வரைக்கும் மதினி சம்பாதிச்சே ஆகணும். அதனால அண்ணன் செத்த அதே தொழிலுக்குத்தான், வெடி மருந்து அடைக்கிற மருந்து ரூமுக்கே போனாக. அவுக நாத்தனா நானும் கூடப் போனேன். எங்க ஊர்ல வேற எங்க போக?

ரெண்டு வருசத்துக்கு முந்தி அடுத்தடுத்து ரெண்டு இடத்துல வெடிச்சு, அதிகாரிக வந்து சோதனை போட்டு, எங்க பக்கம் பாதிக் கம்பெனியை மூடிட்டாங்க. அந்த நேரத்துலதான் ஆள் பிடிக்கிற மணிமுத்து வந்தாரு. கடலோரத்துல அலையாத்திக் கன்னு நடுற வேலை, ஃபாரஸ்ட் வேலை, அங்கனயே கொட்டகையில தங்கிக்கிடணும், பதினைஞ்சு நாளைக்கு ஒருக்க வேன்ல ஊருக்குக் கூட்டிட்டு வந்துருவேன்னாரு. நானும் மதினியும் இன்னும் எட்டுப் பொம்பளைகளும் ஏறிட்டோம்.

வைப்பாறு கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கம். வெம்பக்கோட்டை அணையில கிடக்கிற, சாத்தூர்ப் பாலத்துக்குக் கீழ மணலும் சீமைக்கருவேலமுமாக் கிடக்கிற நம்ம வைப்பாறுதான். காடுன்னாகளே, நான் என்னமோ பெருசா இருக்கும்னு போனா, ஆளுயர மரம் கொஞ்சம், அப்புறம் கண்ணுக்கெட்டுன மட்டும் சேறு. நாத்தம் குடலைப் புடுங்குது. "அட கண்றாவியே, இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்"னு நான் வாய்விட்டே சொல்லிட்டேன்.

வனவரு கதிரவன் சின்ன வயசுக்காரருதான், ஆனா பொறுமையாச் சொன்னாரு. அலையாத்தி வேரு மத்த மரம் மாதிரி மண்ணுக்குள்ள மட்டும் போறதில்ல. சேத்துக்குள்ள காத்து கிடையாதுல்ல, அதனால தரைக்கு மேல விரல் விரலா நீட்டிக்கிட்டு நிக்கி. அது வழியாத்தான் மரம் மூச்சு விடுது. இலையைத் தடவி நாக்குல வச்சுப் பார்க்கச் சொன்னாரு. உப்புக் கரிக்குது. குடிச்ச உப்பை இலை வழியா வெளிய தள்ளிருமாம். மீன் முள்ளு மாதிரி நடுவுல பெரிய வாய்க்கா வெட்டி, ரெண்டு பக்கமும் சாய்வாக் கிளை வாய்க்கா வெட்டி, அதோட கரையில கன்னு நடணும்னாரு. "கடல் ஏறும்போது தண்ணி வரணும், வத்தும்போது அம்புட்டும் போயிரணும். வர்றது எம்புட்டு முக்கியமோ போறதும் அம்புட்டு முக்கியம்"னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நாங்களும் தலையை ஆட்டுனோம்.

அங்கன காவலுக்கு மிக்கேல்னு ஒரு அண்ணாச்சி. அந்தக் கரை மீன்காரரு, அறுபது இருக்கும், தினக்கூலிக்குக் காவல் பார்த்தாரு. நண்டுக் குஞ்சு, எறால் குஞ்சு, மீன் குஞ்சு எல்லாம் அந்த வேருக்குள்ளதான் ஒளிஞ்சு வளருமாம். "காடு போனதுல இருந்து எங்க வலையும் காலி"ன்னாரு. முதல் நாளே எங்க மேல பாய்ஞ்சாரு. "மேல நீங்க அணையைக் கட்டித் தேக்கிக்கிட்டீக, மணலையும் அள்ளிட்டீக. நல்ல தண்ணி வரத்து கொறைஞ்சு உப்பேறித்தான் காடு செத்துச்சு. இப்ப நீங்களே நடவும் வந்துட்டீகளோ"ன்னாரு. எனக்கு வந்ததே கோவம். "எங்களுக்கே குடிக்கத் தண்ணியில்ல, தேக்கி என்னத்த வாரிக்கிட்டோம்"னு நானும் விடலை. மதினிதான் என் கையைப் பிடிச்சு இழுத்தாக.

தை மாசம் நட்டோம். ஆளுக்கொரு பாத்தி. மதினி பொறுப்புல ரெண்டாயிரம் கன்னு. அவுக வேலை சுத்தம்னு கதிரவனே மத்தவுகளைக் கூப்பிட்டுக் காட்டுவாரு. கன்னுல பாசி சுத்தியிருந்தா ஒவ்வொண்ணா உக்காந்து எடுப்பாக. ஆடு வந்து கடிச்ச கன்னைப் பார்த்துட்டு ஒரு நாளு சாப்பிடவே இல்லை. ஆடி பிறக்கையில கன்னு முழங்காலுக்கு வந்துருச்சு. மிக்கேல் அண்ணாச்சி ஒரு நாளு தானா வந்து, "பரவால்லம்மா, கரிசக்காட்டுக்காரிக்குச் சேறும் பழகிருச்சு"ன்னாரு. அன்னைக்கு மதினி மொகத்துல இருந்த சிரிப்பை அண்ணன் போனதுக்கப்புறம் நான் பார்த்ததே இல்லை.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகணும்னு எல்லாருமா ஒம்போது நாளு லீவு கேட்டோம். கிளம்புறதுக்கு முந்துன நாளு சாயங்காலம் கடல் ஏறி வாய்க்கா நெறையத் தண்ணி. வெயில்னா அப்படி வெயில், மேக்க இருந்து மேகாத்து வேற அனலா வீசுது. மதினி கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாக. "ஒம்போது நாளு யாரு பார்ப்பா முருகேசு? இந்தக் காத்துக்குப் பிள்ளைக காஞ்சு போயிரும்"னாக. சாக்குல சேத்தை அள்ளிப் போட்டு, அவுக பாத்தி வாய்க்கா முனையில வரிசையா அடுக்கி, காலால மிதிச்சு அடைச்சிட்டாக. ஊர்ல எப்படி மடையை அடைப்பாகளோ அதே மாதிரி, ஒரு சொட்டு கசியலை. ரெண்டு பேருக்கும் மனசு நெறைஞ்சு போச்சு. ஆமா, ரெண்டு பேருக்குந்தான். சாக்கை விரிச்சுப் பிடிச்சவ நான்.

ஒம்போது நாள் கழிச்சு வந்து இறங்குறோம். வேன்ல இருந்து பார்க்கையிலேயே மதினி பாத்தி மட்டும் வேற நிறமாத் தெரியுது. ஓடுனோம். வாய்க்காத் தண்ணி பாதி வத்தி, மிச்சம் பழுப்பா நிக்கி. கையை விட்டா வெந்நியாச் சுடுது. ஓரத்துல உப்பு வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. கன்னெல்லாம் இலை கருகித் தலையைத் தொங்கப் போட்டு நிக்கி. பக்கத்துப் பாத்தியில ஒரு கன்னுக்கும் ஒண்ணும் ஆகலை, கடல் வந்து வந்து போயிருக்கு. மதினி அப்படியே சேத்துல உக்காந்துட்டாக. அழுகை கூட வரலை. ஒரு கன்னைத் தொட்டாக, இலை கையோட வந்துருச்சு.

கதிரவன் எங்களுக்கு முந்தியே வந்து சாக்கையும் பார்த்துட்டாரு. அந்தக் கரையில வாய்க்கா முனையை அடைச்சு, தேங்குற தண்ணியில எறால் பிடிக்கிறது உண்டு. அவருக்கு வேற எப்படித் தோணும்? மிக்கேல் அண்ணாச்சியைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும், "காவலுக்கு வச்சா நீரே எறாலுக்கு அடைச்சீராக்கும்"னாரு. அண்ணாச்சி கண்ணு கலங்கிப் போச்சு. "நான் ஒம்போது நாளாக் காய்ச்சல்ல கிடந்தேன் சார், இந்தப் பக்கமே வரலை"ன்னாரு. காய்ச்சல்னா ஏன் தகவல் சொல்லலைன்னு வனவரு கேட்டாரு. சொன்னா அந்த ஒம்போது நாள் கூலி போயிருமேன்னு அண்ணாச்சி மறைச்சிருக்காரு, பாவம். "நாளைல இருந்து நீர் வர வேண்டாம். ரிப்போர்ட் எழுதப் போறேன்"னுட்டாரு கதிரவன். அண்ணாச்சி தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. வயசான மனுசன் அப்படி நின்னதைப் பார்க்க முடியலை.

நான் மதினி காதுல சொன்னேன். "பேசாம இருங்க. முத்துச்செல்விக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு. வேலை போனா திரும்ப மருந்து ரூமுக்குத்தான் போகணும்." மணிமுத்து வேற எங்களையே முறைச்சுக்கிட்டு நிக்காரு, அவருக்கு விசயம் பிடிபட்டிருக்கணும். மதினி மத்தியானச் சோத்தைத் திறந்து வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாக. ஈ மொய்ச்சது, அதைக் கூட ஓட்டலை.

அப்புறம் எந்திரிச்சு, கையைக் கழுவிட்டு, நேரா கதிரவன்கிட்ட போனாக. அவரு பைக் சீட்டுல பேப்பரை வச்சு எழுதிக்கிட்டிருந்தாரு.

"சார், அடைச்சது நான். அண்ணாச்சி இல்லை."

அவரு நம்பலை. "யாரைக் காப்பாத்துறதுக்கும்மா இந்தப் பேச்சு?"

"சாக்கைப் பாருங்க சார், எங்க ஊர் ரேஷன் அரிசிச் சாக்கு, கடைப் பேரு போட்டிருக்கு. தண்ணி போயிருச்சுன்னா பிள்ளைக செத்துரும்னு நெனைச்சேன். தண்ணி நின்னா சாகும்னு நீங்க சொன்னீக, காதுல விழுந்தது, மனசு நம்பலை. எங்க ஊர்ல தண்ணி நின்னு நான் எதுவும் சாகப் பார்த்ததில்லை சார். ரெண்டாயிரத்தையும் நானே கொன்னுட்டேன்." அப்பத்தான் குரல் உடைஞ்சது.

கதிரவன் போய் சாக்குல இருந்த கடைப் பேரைப் பார்த்துட்டு வந்தாரு. "கூட வேற யாரும் இருந்தாகளா?"ன்னாரு.

"இல்லை. நான் ஒருத்திதான்."

நான் நாலடி தள்ளி நிக்கேன். மதினி என் பக்கம் திரும்பவே இல்லை.

"எழுதுங்க சார். கருப்பம்மாள், தாயில்பட்டின்னு எழுதுங்க. ஆனா எதுக்கு அடைச்சேன்கிறதையும் சேர்த்து எழுதுங்க. எங்க வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில செத்தப்ப, தொழிலாளியின் கவனக்குறைவுன்னு ஒத்தை வரியில முடிச்சிட்டாக. செத்தவுக பக்கத்து நியாயத்தைக் கேக்க ஆளில்லை. இந்த மனுசன் உசுரோட நிக்காரு. இவர் தலையில கட்டாதீக."

எழுதுனாரு, அவுக சொன்னபடியே. வாசிச்சும் காட்டுனாரு. மிக்கேல் அண்ணாச்சி வேலை தப்பிச்சது. மதினியை மணிமுத்து அன்னைக்கே நிறுத்திட்டாரு. சாயங்காலம் கடல் ஏறுற நேரம் மதினி இறங்கி சாக்கை ஒவ்வொண்ணாப் பிடுங்குனாக. அண்ணாச்சியும் இறங்கி மறுபக்கம் பிடிச்சாரு. நன்றின்னு ஒரு வார்த்தை அவரு சொல்லலை, மதினியும் எதிர்பார்க்கலை. புதுத் தண்ணி உள்ள வந்தது. ஒரு மாசம் கழிச்சு எண்ணிப் பார்த்ததுல நூத்தி நாப்பது கன்னு துளிர்த்திருந்தது.

அப்புறம் சொல்றேன்னேன்ல, சொல்லிருதேன். அண்ணன் செத்த அன்னைக்கு நான் அதே கம்பெனியில அடுத்த ரூம்ல பேக்கிங் பார்த்தேன். நாலு பேரு உக்கார வேண்டிய ரூம்ல ஒம்போது பேரை உக்கார வச்சதையும், வெயில் ஏறிருச்சு, மிச்ச மருந்தை அடைக்க வேண்டாம்னு அண்ணன் சொன்னதையும், போர்மேன் அதட்டுனதையும் என் ரெண்டு காதாலயும் கேட்டேன். விசாரணையில "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னேன். வேலை போயிருமேன்னு பயம். கூடப் பிறந்த அண்ணனுக்கு நான் செஞ்சது அது. மதினிக்கு இது தெரியுமான்னு எனக்குத் தெரியாது. அவுக கேட்டதில்லை.

மதினி பாத்தியை இப்ப நான்தான் பார்க்கிறேன். இந்தத் தையில திரும்ப நட்டோம், நல்லாத்தான் வருது. மூடுன கம்பெனிகளைத் திறந்துட்டாங்க, மதினி மருந்து ரூமுக்குப் போறாக. நான் கடலுக்குக் கிளம்புற அன்னைக்குக் காலையில எங்க ரெண்டு வேனும் ஒரே இடத்துலதான் வந்து நிக்கும். அவுக பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏறுறதுக்கு முந்தி, "கன்னுக எப்படி இருக்கு முருகேசு?"ன்னு கேப்பாக. நல்லா இருக்கு மதினின்னு சொல்லிட்டு, அவுக வேன் போற வரைக்கும் நான் தரையைப் பார்த்துக்கிட்டு நிப்பேன்.