மம்பட்டிப் பிடி

வேலையில் இருந்தபோது அதிகாரிகள் என்னை கோல்ஃப் ஆடக் கூட்டிப்போனார்கள். அடித்த மூன்று முறையும் மட்டை புல்லைத்தான் பெயர்த்தது. அவர்கள் சிரித்த சிரிப்புக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

எழுபது வயதில், மனைவி போனபின், பூதலூர் வீட்டில் அடைந்து கிடந்தேன். அமெரிக்காவிலிருந்து மகன் வாசல் கேமராவில் பார்த்து, "வெளியில போகாதீங்கப்பா" என்று போன் செய்வான். கொல்லையில் கேமரா இல்லை. அந்தப் பக்கம், அறுவடையான வயலில் ஒருவர் கோல்ஃப் பந்து அடித்துக்கொண்டிருந்தார். துபாயில் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டிவிட்டு ஊர் திரும்பியவர். ஒல்லியான ஆள். அடிக்குமுன் ஒவ்வொரு பந்தையும் கைலியில் துடைப்பார்.

கொல்லைக் கதவைத் திறந்து போய் நின்ற என்னிடம் மட்டையைத் தந்து, "மம்பட்டி புடிக்கிற மாதிரி புடிங்க சார்" என்றார்.

"நான் மம்பட்டி புடிச்சதே இல்லையே."

"இவ்ளோ நெலம் வச்சிருந்துமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை. ஒரே மாதத்தில் என் பந்து வரப்பைத் தாண்டியது. தினமும் மாலைக்காகக் காத்திருந்தேன்.

ஒருநாள் வயலில் நிற்கும்போது மகன் போனில், "யாருப்பா பக்கத்துல?" என்றான்.

"நம்ம வயல்ல வேல செய்யிற ஆளுடா."

பழைய வாய்ப்பழக்கம். அந்த வயலை அவர் என்னிடம் வாங்கி நான்கு வருடமாகியிருந்தது.

அவர் பந்தைத் துடைத்து என் கையில் வைத்தார். "அப்ப வேல முடிஞ்சுதுங்க. வரட்டுமா?"

பிறகு அவர் பந்தடிக்க வரவில்லை. கொல்லையில் இன்னும் கேமரா இல்லை. ஆனாலும் அந்தக் கதவை என்னால் திறக்க முடியவில்லை.