ஒரே குழாயில் இரண்டு ஓரகத்திகள்

தீயணைப்பு நிலையத்து ஆண்களையெல்லாம் போர்முனைக்கு அள்ளிக்கொண்டு போனதும், வண்டி, குழாய், தொப்பி எல்லாம் பெண்கள் தலையில் விழுந்தன. தொப்பி மூக்குவரை இறங்கியது. பூட்ஸுக்குள் பழந்துணி அடைக்க வேண்டியிருந்தது. பெரியவள் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. குழாய் பிடிக்க ஒரே உயரத்தில் இரண்டு பேர் வேண்டும். அவள் உயரத்துக்கு இருந்தவள் ஓரகத்தி சின்னவள் மட்டும்தான். அதுதான் தலைவலி.

மாமியார் விட்டுப்போன தையல் மிஷினைச் சின்னவள் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பயிற்சியில்கூட நிலையத்தில் மணியடிக்கிறவள்தான் தூது.

"இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லு அவள."

"தூக்கித்தான் பிடிச்சிருக்கேன்னு சொல்லு அவங்ககிட்ட."

ஒரு மத்தியானம் மரக்கிடங்கில் குண்டு விழுந்து தீப்பிடித்தது. ஒட்டியிருந்தது பிரசவ ஆஸ்பத்திரி. உள்ளே பெரியவளின் மகள் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். நகர்த்தவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மணியடிக்கிறவளோ பம்பை முடுக்கப் போய்விட்டாள். இனி தூதுக்கு ஆளில்லை.

குழாய் முனையைக் கட்டிப்பிடித்த பெரியவள் வாயைத் திறந்தாள்.

"அடியே, தூக்குடி! என் பொண்ணு உள்ள இருக்கா!"

"உங்க பொண்ணு மட்டுமா? இடுப்புல சுமந்து சோறு ஊட்டுனது யாரு? காலை ஊனி நில்லுங்க!"

"எனக்கே பாடமா, மிஷின் திருடி!"

"ஊசியில நூல் கோக்கத் தெரியுமா உங்களுக்கு? வச்சு என்ன, பூஜையா பண்ணுவீங்க?"

தண்ணீர் சீறியது. ஒவ்வொரு ஏச்சுக்கும் ஓர் அடி முன்னேறினார்கள். மிஷினுக்கு ஓர் அடி. மகள் கல்யாணத்தில் முகங்கொடுக்காததற்கு ஓர் அடி. நெருப்புக்கே காது கூசியிருக்கும். பத்து வருஷக் கோபம் தீர்வதற்குள் தீ அணைந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சுவரில் கரிகூடப் படவில்லை.

கரியும் சேறுமாக வார்டுக்கு ஓடியவர்களை நர்ஸ் வாசலிலேயே மறித்தாள்.

"யாரும்மா நீங்க? இந்தக் கோலத்துல உள்ள வராதீங்க. தீய அணைச்ச ஆம்பளைங்க எங்க? டாக்டர் கைகுடுக்கணுங்கறாரு."

"எந்த ஆம்பளைங்க?" என்றாள் சின்னவள். "முன்னால பிடிச்சது எங்கக்கா. பின்னால நான். கையக் குடுக்கணும்னா இங்க குடுக்கச் சொல்லுங்க."

நர்ஸ் பூட்ஸைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள். முகம் கை கழுவ வைத்து, பிறந்து அரைமணிகூட ஆகாத பேத்தியை எடுத்துவந்தாள். பெரியவள் கையை நீட்டினாள். விரல்கள் விரியவில்லை, இன்னும் குழாயையே பிடித்திருந்தன.

"உடும்புப்பிடி!" சின்னவள் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துப் பிரித்தாள். "விடுங்கக்கா, இது குழாயில்ல. புள்ளைய நசுக்கிடாதீங்க."

"இவங்கதான்! இவங்கதான் அணைச்சது!" என்று நர்ஸ் வார்டு முழுக்கக் கூவ, படுக்கையில் கிடந்த தாய்மார்கள் தட்டையும் டம்ளரையும் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அத்தனை குழந்தைகளும் விழித்து வீறிட்டன.

"தூங்குற புள்ளைங்கள எழுப்பிட்டீங்களே, அறிவிருக்கா?" என்று ஏசினாள் பெரியவள், வாயெல்லாம் பல்லாக.