ரீடிங் சாரின் பதினொரு வீடுகள்

மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் மீட்டர் படித்தவர். பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘ரீடிங் சார்’ என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். எந்த வீட்டு மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒரு வீட்டின் உள்விவகாரம் வாசலிலேயே தெரிந்துவிடும் என்பார். நூற்று இருபது யூனிட் ஓடிய வீடு அறுபதானால் யாரோ வெளியூர் போயிருக்கலாம். அடுத்த முறையும் அறுபது என்றால் ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டார்கள். இருபதுக்கு இறங்கினால் மின்விசிறியும் போயிற்று. பத்துக்குக் கீழே என்றால் அடுப்பும் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். வேலையில் இருந்தவரை இதையெல்லாம் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஓய்வு பெற்ற மறுமாதமே ஆலயத்தின் உதவிச் சங்கத்தில் சேர்ந்தார். ஆலயத்துக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு கிடங்கு. மாதத்தின் முதல் சனிக்கிழமை அங்கே அரிசி, மாவு, எண்ணெய், சோப்பு எல்லாம் பைகளில் கட்டுவார்கள். வியாழக்கிழமைகளில் ஒரு டாக்டர் வந்து இலவசமாகப் பார்ப்பார். நீ எந்தச் சபை, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. எழுபது குடும்பங்கள் அந்தக் கிடங்கை நம்பி மாதத்தைத் தள்ளின.

ஐம்பத்தொன்பது குடும்பங்கள் வரிசையில் வந்து வாங்கிப் போயின. மிச்சம் பதினொன்று வரிசைக்கு வராது. செத்தாலும் வராது. அந்த வீடுகளைக் கண்டுபிடித்தவர் அவர்தான், மீட்டரைப் பார்த்து. பழைய காக்கிப் பையில் பொருளைத் திணித்துக்கொண்டு அவரே போவார். ரீடிங் சார் காம்பவுண்டுக்குள் நுழைந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

“ரிடயர் ஆகியும் விடலையா சார்?” என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

“நான் விட்டாலும் மீட்டர் விடமாட்டேங்குது.”

பதினொன்றில் ஒன்று டைப் டீச்சர் வீடு. முன்னறையில் தட்டச்சு வகுப்பு நடத்தியவர். கம்ப்யூட்டர் வந்தது, வகுப்பு படுத்தது. பிறகு கணவரும் படுத்தார், பக்கவாதத்தில். சங்கத்திலிருந்து மாதம் நான்கு பாக்கெட் டயப்பர் போனது. ஒரு மாதம் சரக்கு வரவில்லை. டீச்சர் பழைய துணியைக் கிழித்துச் சமாளித்தார். கணவரின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்தது. அது ஆற இரண்டு மாதம் ஆயிற்று.

முதல் நாளே டீச்சர் சொல்லிவிட்டார். “யாருக்கும் தெரியக் கூடாதுண்ணே. தெரிஞ்சா மறுநாள்லேர்ந்து கதவைத் திறக்க மாட்டேன்.”

ஆறு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு புதுச் செயலாளர் வந்தார். வங்கியில் பொறுப்பான பதவியில் இருந்தவர். கெட்டவர் அல்ல.

“பணம் அனுப்புறவங்க கேக்குறாங்கண்ணே. மாசாமாசம் வீட்டுக்கு ஒரு போட்டோ. முகம் தெரியணும், பை தெரியணும், பேனர் தெரியணும்.”

“பேனர் எதுக்கு தம்பி?”

“அதுலதான் அவங்க பேர் இருக்கு.”

“கர்த்தரோட பேர்ல குடுத்தா பத்தாதா?”

சங்கக் கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. “போன வருஷம் ஒருத்தர் போட்டோ இல்லைன்னு நிறுத்திட்டாரு. பால் பவுடர் அதனாலதான் நின்னுச்சு. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். அதுதான் எரிச்சலே. எதிரில் இருப்பவர் முட்டாளாக இருந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும். அரைமணி நேரம் மல்லுக்கு நின்று, அந்தப் பதினொரு வீட்டுக்கு மட்டும் முகம் வேண்டாம், பை வாங்கும் கை தெரிந்தால் போதும் என்று ஒப்புதல் வாங்கிக்கொண்டு வந்தார். வந்த பிறகுதான் உறைத்தது. போனைத் தூக்கிப் பிடித்தாலே டீச்சர் கதவைச் சாத்திவிடுவார். கையென்ன, காலென்ன?

அன்று மாலை மனைவியை அடுப்படியில் பை வாங்குவதுபோல் நிற்க வைத்து, சுவரில் பேனரை மாட்டினார்.

“ஏங்க, இன்னிக்கு நான் எத்தனை ஏழை?”

“பதினொண்ணு. மோதிரத்தைக் கழட்டு. ஏழைக்கு ஏது மோதிரம்?”

“கல்யாண மோதிரம்ங்க. நீங்க குத்துக்கல்லாட்டம் நிக்கும்போதே கழட்டச் சொல்றீங்களே, நல்லா இருக்கு!”

ரீடிங் சாரின் ஆயுளில் அப்போது எட்டு மாதம்தான் மிச்சம் இருந்தது. இருவருக்கும் தெரியாது. இருவரும் சிரித்தார்கள்.

மூன்று மாதம் ஓடியது. நான்காவது மாதம் செயலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். அலுவலக அறையில் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

“அண்ணே, பதினொரு ஏழைகளும் உங்க அடுப்படியிலயா குடியிருக்காங்க?”

ஒவ்வொரு படத்தின் அடியிலும் பொடி எழுத்தில் தெருவும் கதவு எண்ணும் இருந்தன. அவர் வீட்டுக் கதவு எண். நெஞ்சுவலி வந்து மீண்ட பிறகு, அப்பா எங்கே நடக்கிறார் என்று தெரியட்டுமே என்று, வெளியூரில் தொழிற்சாலையில் கருவிகள் பிரிவில் வேலை பார்க்கும் மகள், எடுக்கிற படத்தில் இடம் பதியும்படி போனில் அமைத்துக் கொடுத்திருந்தாள். முப்பத்தொரு வருஷம் மீட்டரின் பொடி எண்களைத் தவறாமல் படித்தவர் அதை ஏதோ தேதி என்று நினைத்து விட்டுவிட்டார்.

“பையெல்லாம் எங்க போச்சுண்ணே?”

யூனிட்டைக் குறைத்து எழுதச் சொல்லி ரீடிங் சாரிடம் வாய்திறக்க யாரும் துணிந்ததில்லை. இப்போது சோப்பும் மாவும் எங்கே என்று ஒருவர் கேட்கிறார், கேட்க அவருக்கு நியாயமும் இருக்கிறது.

“புதன்கிழமைக்குள்ள பதினொரு வீட்டையும் காட்டுங்க. முகத்தோட. இல்லேன்னா அந்தப் பதினொண்ணையும் நிறுத்த வேண்டியதுதான்.”

தெருவில் நின்றபடியே மகளுக்குப் போன் போட்டார்.

“உன்னை யாரு அதைப் போனுல போடச் சொன்னா?”

“அப்பா, நீங்க எங்கயாவது விழுந்துட்டா கண்டுபிடிக்கத்தான்…”

“விழுந்துட்டேன். கண்டுபிடிச்சிட்டாங்க. போனை வை.”

பத்து வீட்டுக்குப் போய்ப் பேசினார். நான்கு வீட்டில் சரி என்றார்கள். ஆறு வீட்டில், இனிமேல் வர வேண்டாம் சார் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவற்றில் ஒரு வீட்டில் போன மாதத்துப் பையையே திருப்பிக் கொடுத்தார்கள். அதில் பாதி மாவு இருந்தது. கடைசியில் டீச்சர் வீடு.

டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“உங்களைத் திருடன்னு சொல்லிட்டாங்களா?”

“சொல்லலை. கேட்டாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான்.” அவர் எழுந்து போய்த் தலையை வாரிக்கொண்டு வந்தார். கணவர்மேல் சலவை விரிப்பொன்றைப் போர்த்தினார். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, வகுப்பெடுக்க உட்காருவதுபோல முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார். “எடுங்கண்ணே.”

“வேணாம் டீச்சர். நான் வேற வழி பாக்குறேன்.”

“என்ன வழி? இவருக்கு முதுகு தாங்காது. எனக்காக நீங்க கெட்ட பேர் வாங்குறதும் எனக்குத் தாங்காது. எடுங்க. முகம் தெரியுற மாதிரி எடுங்க.”

கணவரால் அசைக்க முடிந்தது கழுத்து ஒன்றைத்தான். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரீடிங் சார் படம் எடுத்தார். செவ்வாய்க்கிழமையே செயலாளருக்கு அனுப்பிவிட்டார். புதன்கிழமை போனபோது செயலாளர் முதலில் மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே கேட்டார். அப்புறம் டீச்சரின் படத்தில் நின்றார். நெற்றியைத் தேய்த்தார்.

“இது டைப் இன்ஸ்டிட்யூட் வீடுல்ல? சொந்த வீடாச்சேண்ணே.”

“ஆமா. சுவரைச் சுரண்டித் தின்ன முடியுமா?”

“சொந்த வீடு இருந்தா சங்கத்துலேர்ந்து கிடையாது. விதி அப்படி. இவ்வளவு நாள் தெரியாம போயிடுச்சு.”

“விதியை எழுதினது நீங்கதானே? மாத்துங்க.”

“கமிட்டி கூடணும். மூணு மாசம் ஆகும்.”

“முதுகுப்புண் கமிட்டிக்குக் காத்திருக்குமா தம்பி?” ஆலய வளாகத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். கிடங்கைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “சரி, தரலைல்ல? அப்ப அந்தப் படத்தை அழிங்க.”

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். “காலையிலயே எல்லாத்தையும் பணம் தர்றவங்களுக்கு மொத்தமா அனுப்பியாச்சுண்ணே.”

ரீடிங் சார் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தார். மருந்துக்கடைக்குப் போய் நான்கு பாக்கெட் டயப்பர் வாங்கினார். கடைக்காரர் கொடுத்த, கடைப்பெயர் போட்ட பையை அங்கேயே உருவிப் போட்டார்.

டீச்சர் கதவைத் திறந்தார். தலை இன்னும் ஒழுங்காக வாரியிருந்தது.

“சங்கத்துலேர்ந்தாண்ணே?”

“ஆமா டீச்சர்.”

“போட்டோ சரியா வந்துச்சா?”

“நல்லா வந்துச்சு. அவங்களுக்கு ரொம்பத் திருப்தி.”

டீச்சர் பாக்கெட்டுகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். “அப்ப மானம் போனதும் வீண்போகலை,” என்றார். பிறகு கேட்டார்: “அடுத்த மாசமும் எடுக்கணுமா?”

“வேணாம்,” என்றார் ரீடிங் சார். “ஒரு தடவை போதும்னு சொல்லிட்டாங்க.”