மௌன விரதக்காரரிடம் இங்கிலீஷ் ட்யூஷன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கிரிவலப் பாதையில், செங்கம் ரோடில், ஒரு வெள்ளைக்காரரின் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போன வழுக்கைத் தலையரை உங்களில் யாராவது பார்த்தீர்களா? ஆமாம்... அடியேன்தான். கொஞ்சம் தள்ளி, 'இந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது' என்ற பாவனையில் வந்தவள் என் மகள் கவிதா.

விஷயம் இதுதான். கவிதா இன்ஜினியரிங் முடித்துவிட்டாள். அமெரிக்காவில் மேலே படிக்க வேண்டுமென்று உயிரை விடுகிறாள். அதற்கு ஜி.ஆர்.ஈ. என்று ஒரு பரீட்சை. கணக்கு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் இங்கிலீஷ்? அதில் கேட்கிற வார்த்தைகளை இங்கிலீஷ்காரனே வீட்டில் பேசுவானா என்பது சந்தேகம்!

தலை பின்னும்போதும் மனப்பாடம், பால் பொங்கும்போதும் மனப்பாடம். காலையில் ஏறியது சாயங்காலம் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை பரீட்சை. அவளாவது கொஞ்சம் தூங்கினாள், நான் தூங்கவே இல்லை. சாப்பாடும் இறங்கவில்லை. "பரீட்சை அவளுக்கா, உங்களுக்கா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி.

அப்போதுதான் ஞானம் பிறந்தது. ட்யூஷனுக்குச் சென்னை எதற்கு? நம்மூரில்தான் இங்கிலீஷ் வெறுங்காலோடு மலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறதே!

ஆசிரமத்துப் பக்கம் டீக்கடைக்காரர் துப்புக் கொடுத்தார். அதோ போகிறாரே, தாடி வைத்த அமெரிக்கர் — அவர் ஊரில் காலேஜ் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவராம். துரத்திப் பிடித்தேன். கை கூப்பினேன். வளைந்தேன். என்னிடமிருந்த மொத்த இங்கிலீஷையும் அவர் காலடியில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். சிரித்தார். தலையாட்டினார். எங்களோடு திரும்பி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தும் விட்டார்.

கவிதா புத்தகத்தைப் பிரித்து, 'ஆப்ஸீக்வியஸ்' என்றால் என்ன என்று கேட்டாள். அவர் வாய் திறக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து கயிற்றில் தொங்கிய அட்டையை எடுத்துக் காட்டினார்.

மௌன விரதம்.

டீக்கடைக்காரர் மேல் பாய்ந்தேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவே இல்லை. "வாத்தியாரான்னு கேட்டீங்க, ஆமான்னேன். பேசுவாரான்னு நீங்க கேக்கவே இல்லியே சார்."

நான் கிளம்ப எழுந்தேன். அமெரிக்கர் என்னைக் கையமர்த்திவிட்டு அவர் எழுந்தார். கை கூப்பினார். முதுகை வளைத்தார். எல்லாப் பல்லும் தெரிய இளித்தபடி, டீக்கடைக்காரரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா... இது நீதாம்ப்பா."

அர்த்தம்: காரியம் ஆவதற்காகக் குழைகிறவன்.

அடுத்த வார்த்தை, 'பியூஸிலானிமஸ்'. நகத்தைக் கடித்தார், நடுங்கினார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். கோழை! அதற்கடுத்தது 'கேரலஸ்'. விரல்களை வாய் மாதிரி வைத்து, திறந்து மூடி, திறந்து மூடி... வளவளவென்று பேசுகிறவன். இதற்கு டீக்கடைக்காரரே என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

வியாழக்கிழமை வரை தினமும் சாயங்காலம் இதே வகுப்பு. என்னிடம் இவ்வளவு குணங்கள் இருப்பது எனக்கே தெரியாது. நல்ல குணத்துக்கு வார்த்தை வந்தால் மட்டும் அவர் மலையைக் காட்டிவிடுவார்!

வெள்ளிக்கிழமை, சென்னை. கவிதா உள்ளே. வாசலில் நான் நடந்த நடைக்கு இரண்டு கிரிவலம் முடித்திருக்கலாம். கடைசியில் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கம்ப்யூட்டர்லயே மார்க் காட்டிடுச்சுப்பா."

"கம்மியாம்மா?"

"ஜாஸ்திப்பா. நான் நெனச்சத விடவே ஜாஸ்தி." அப்புறம் சொன்னாள். "அந்த கோழை வார்த்தை வந்துச்சு. உன் மூஞ்சி ஞாபகம் வந்து சிரிச்சிட்டேன். அங்க இருந்த மேடம் மொறைச்சாங்க."

அங்கேயே, நடுத்தெருவில், வழியில் போன ஒருவரைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் பயந்துபோய் வேகமாக நடந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கவிதா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எத்தனை நாள் தூக்கமோ, பாவம். மடியில் அமெரிக்கக் காலேஜ்களின் பட்டியல். திண்டிவனம் தாண்டியும் எழுப்ப மனசு வரவில்லை. அப்போதுதான் உறைத்தது.

மார்க் வராவிட்டால் என்ன செய்வது என்று இத்தனை நாள் கிடந்து தவித்த மனுஷன்... வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தானா?